எல்லாரும் மேலே பார்க்கும் படம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

1. கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயிற்சிப் பாய்க்கப்பல் வந்தது. மூன்று பாய்மரங்கள். ஒரு சனிக்கிழமை பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

2. நான் வெள்ளவத்தையிலிருந்து பல்கலைக்கழகத் தோழிகளோடு போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். தோழிகள் யாரும் வரவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து சசிகுமார் வந்தார்.

3. அந்தக் கப்பலின் மாலுமி ஒருவர் மேல்தளத்தில் நின்ற கூட்டத்தைப் படம் எடுத்தார். அதில் நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

4. நான் மேற்படிப்புக்காக நோர்வேக்கு வந்தேன். படிப்பு முடிந்ததும் மேற்குக் கரை நகரம் ஒன்றின் துறைமுகத்தில் பொறியியலாளராக வேலை கிடைத்தது.

5. விடுமுறைக்குக் கொழும்பு போனபோது நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். எங்களைத் தவிர இரண்டு சாட்சிகள் வந்தார்கள்.

6. கணவரை இங்கே அழைக்க விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள்.

7. மேன்முறையீடு செய்தோம். அதற்காக அப்பா ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தார். அதில் உண்மையை எழுதினார்.

8. இந்தக் கோடையில் எங்கள் நகரத்தில் பாய்க்கப்பல்கள் கூடின. அந்தக் கப்பலும் வந்தது.

9. கப்பல்கள் நின்ற கிழமையில்தான் மேன்முறையீட்டின் முடிவும் வந்தது.

வரிசையில் அடங்காதவற்றைக் கீழே எழுதுகிறேன்.

*

என் வேலை என்னவென்றால், துறைமேடையில் கட்டி நிற்கும் கப்பலைக் காற்று எவ்வளவு இழுக்கும், வடம் கட்டும் எந்த இரும்புக் குற்றி எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்ப்பது. கொள்கலன் கப்பல் என்றால் கணக்கு நேரானது. அது ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். பாய்க்கப்பல் அப்படியில்லை. பாய்களைச் சுருட்டிக் கட்டியிருந்தாலும் மரங்களும் கயிறுகளும் காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கப்பல்கள் கூடும் கிழமைக்கு வெகு முன்பே வரப்போகிறவற்றின் விபரங்கள் என் மேசைக்கு வந்துவிடும். நீளம், எடை, மரத்தின் உயரம் என்று பார்த்துக்கொண்டு வந்தபோது, கொழும்புக்கு வந்த அந்தக் கப்பலின் பெயர் இருந்தது. அதற்கு எங்கள் அலுவலகத்துக்கு மிகக் கிட்டிய மேடையை ஒதுக்கினேன். கணக்கும் அதற்குச் சரியாகவே வந்தது என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

இங்கே கப்பல்கள் கூடும் கிழமை என்றால் எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா மாதிரித்தான். முழு நகரமும் கரைக்கு வரும். காலையிலேயே மடக்குக் கதிரையும் கோப்பிக் குடுவையுமாக வயதானவர்கள் இடம் பிடித்துவிடுவார்கள். எங்கு பார்த்தாலும் அப்பம் சுடும் வாசம். அது எங்கள் அப்பம் அல்ல, கட்டம் கட்டமாக இருக்கும் இனிப்பு அப்பம். பித்தளை வாத்தியக் குழுக்கள் ஒன்றின் இசைமீது மற்றது வாசித்துக்கொண்டிருக்கும். எந்தக் கப்பலிலும் யாரும் ஏறலாம். அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். முதல் முறை அதைக் கண்டபோது பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டியபடி நின்றேன். ஏணியடியில் நின்ற மாலுமி அதை வாங்கி, என் படத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

பாயால் ஓடும் பழைய வகைக் கப்பலில் இவர்களுக்கு அப்படி என்ன பிரியம் என்று என் பிரிவுத் தலைவியிடம் ஒருமுறை கேட்டேன். இன்றைய கப்பலில் எல்லாம் உள்ளே மறைந்திருக்கிறது, இதில் எது எதை இழுக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் கண்ணால் தெரியும், அதுதான் என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சசிகுமாரின் ஞாபகம் வந்தது. அவர் வேறொரு காரணம் சொல்லியிருந்தார்.

*

சசிகுமார் துறைமுகத்தில் குளிரூட்டிய கொள்கலன்களைத் திருத்தும் மின் தொழில்நுட்பவியலாளர். நான் பயிற்சிக்காக அங்கே போன காலத்தில் பழக்கம். அவருடைய குடும்பம் பண்டாரவளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியேறியது. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தைத் தொடர்மாடியில் குடியேறியது. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு பஸ் தூரம்தான். எங்கள் வீட்டில் அந்தத் தூரத்தைப் பஸ்ஸால் அளப்பதில்லை.

கொழும்பில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடம் கிடையாது. காலிமுகத்திடலில் குடைக்குள் இருப்பவர்களை எல்லாரும் பார்ப்பார்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயிலின் ஒவ்வொரு யன்னலிலும் தெரிந்த முகம் இருக்கும். பாய்க்கப்பலுக்குப் போகலாம் என்றது சசிகுமார்தான்.

“அங்க ஒருத்தரும் நம்மளப் பாக்க மாட்டாங்க. எல்லாரும் மேலதான் பாப்பாங்க.”

அவர் சொன்னபடியேதான் இருந்தது. வாசலில் நின்ற காவலர் “போலிமே, போலிமே” என்று எல்லாரையும் வரிசைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கடலைக்காரர் வரிசையோடு சேர்ந்து நகர்ந்தார். கப்பலின் அடிக்கு வந்ததும் அத்தனை பேரும் ஒரே மாதிரிக் கழுத்தை நிமிர்த்தி வாயைத் திறந்தார்கள். மரம் எங்கே முடிகிறது என்று பார்க்காமல் யாராலும் இருக்கமுடியாது. அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றோம். கொழும்பில் முதல் தடவை.

மேல்தளத்தில் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தோம். கப்பலின் ஓரம் முழுக்கக் கயிறு கட்டும் முளைகள், ஒவ்வொரு முளையிலும் ஒரு கயிறு. அவர் ஒரு கயிற்றைத் தொட்டுக் காட்டுவார். அது மேலே எங்கே போய் முடிகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து நான் சொல்லவேண்டும். நூறு கயிறுகளுக்குள் ஒன்றைத் தவறவிடாமல் கொண்டுபோவது லேசில்லை. நடுவில் இமைத்தால் கண் வேறு கயிற்றுக்குப் போய்விடும். “இஞ்சினியர் மேடம் பாதியில எறங்கிட்டாங்க” என்று சிரிப்பார். “ஓம், நீங்கள் மட்டும் பெரிய மாலுமி” என்பேன். என் ‘ஓம்’ அவருக்கு எப்போதும் பகிடி.

அப்போதுதான் ஏணியால் மாலதி அன்ரி ஏறி வந்தார். எங்கள் தொடர்மாடியில் கீழ்வீடு. கூடவே மகள். ஒளிக்கும் வேலையில் எங்கள் இருவருக்கும் நல்ல பழக்கம் இருந்தது. சசிகுமார் இடப்பக்கம் நகர்ந்தார், நான் வலப்பக்கம் நகர்ந்தேன். இடையில் ஒரு கன்னியாஸ்திரியும் குடையோடு ஒரு பெரியவரும் வந்து நின்றார்கள். போகும்போது அவர் ஒரு கயிற்றில் விரலை வைத்துவிட்டுப் போனார். முன்மரத்தின் இரண்டாவது குறுக்குச் சட்டத்தின் நுனியில் போய் முடிகிற கயிறு அது. நான் அதைப் பின்தொடர்ந்தேன். அவரும் அங்கிருந்து பின்தொடர்ந்தார். மாலுமி கமராவைத் தூக்கியது அந்த நேரத்தில்தான்.

*

நாங்கள் ஒளித்த விதம் இது.

அம்மா கனடாவில் இருக்கும் சித்தியோடு கதைக்க என் போனைத்தான் எடுப்பார். ஆகவே சசிகுமாரின் இலக்கம் ‘சறோஜா மிஸ்’ என்ற பெயரில் இருந்தது. செய்திகளை வாசித்தவுடன் அழித்தோம். ஒரே பஸ்ஸில் போனாலும் ஒரே இருக்கையில் இருந்ததில்லை. சேர்ந்து படம் எடுக்கவில்லை. படம் எடுத்தால் அது எங்காவது இருக்கும், இருந்தால் யாராவது காண்பார்கள். பதிவுத் திருமண நாளில் எடுத்த மூன்று படங்கள்தான் நாங்கள் சேர்ந்து நிற்கும் படங்கள்.

குடிவரவு அலுவலகம் கேட்டவை இவை: பழகத் தொடங்கிய காலத்துப் படங்கள், செய்திகள், இரு குடும்பமும் அறிந்ததற்குச் சான்று, திருமண நிகழ்வின் படங்கள்.

என்னை நேரில் அழைத்து விசாரித்த பெண் அலுவலர் மரியாதையானவர். தமிழர்களின் திருமணங்களுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள் என்று தங்கள் குறிப்புகள் சொல்வதாகவும், உங்களுடையதற்கு ஏன் இரண்டே பேர் என்றும் கேட்டார். ஒளித்தோம் என்று சொன்னேன். அப்போது என்னிடம் இருந்த நோர்வேஜிய மொழியில் அதற்கு ஒரு சொல்தான் இருந்தது. அதை அவர் திருப்பிச் சொன்னபோது, பெற்றோரை ஏமாற்றினோம் என்பது போலக் கேட்டது. திருத்த எனக்குத் தெரியவில்லை. தலையாட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

முதல் மறுப்பில் சந்தேகம் என்று எழுதியிருந்தது. இது அனுமதிக்காகச் செய்த திருமணமாக இருக்கலாம் என்று.

சான்றுகளைத் திரட்டச் சசிகுமார் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். நான் அனுப்பிய அழைப்புப் பதிவுகளைச் சட்டத்தரணி பக்கம் பக்கமாகப் புரட்டினாராம். “யாரு தம்பி இந்த சறோஜா மிஸ்? உங்க மனைவி இவங்ககூடத் தினமும் ஒரு மணித்தியாலம் பேசியிருக்காங்க. இவங்களையே கட்டியிருக்கலாமே” என்று கேட்டாராம். இதைச் சொல்லிச் சசிகுமார் போனில் சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாய்க்கப்பல் படத்தை நினைவுபடுத்தியவரும் அவர்தான். கப்பலின் அலுவலகத்துக்கு எழுதினேன். எதிர்பார்க்கவே இல்லை, தேடி எடுத்து அனுப்பினார்கள். திறந்து பார்த்தால், இடப்பக்கம் சசிகுமார், வலப்பக்கம் நான், இடையில் கன்னியாஸ்திரியும் குடைக்காரரும். எல்லாரும் மேலே பார்க்கிறோம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரு கப்பலைப் பார்க்கிறார்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். அவ்வளவு நன்றாக ஒளித்திருந்தோம்.

நான் ஒரு காரியம் செய்தேன். படத்தின் மேல் இரண்டு கோடுகள் வரைந்தேன். அவருடைய கண்ணிலிருந்து ஒன்று, என்னுடைய கண்ணிலிருந்து ஒன்று. இரண்டும் முன்மரத்தின் இரண்டாவது சட்டத்து நுனியில் சந்தித்தன. கன்னியாஸ்திரியின் கோட்டையும் குடைக்காரரின் கோட்டையும் ஒப்பிடுவதற்காக வரைந்தேன். அவை வேறெங்கோ போயின. கோணங்களைக் குறித்து, கீழே விளக்கம் எழுதி, மேன்முறையீட்டோடு இணைத்தேன். என் தொழிலில் இது போதுமான சான்று.

*

பெற்றோரின் கூற்று இருந்தால் வலுவாக இருக்கும் என்றார் சட்டத்தரணி. ஆகவே அப்போதுதான் வீட்டுக்குச் சொன்னேன், இங்கிருந்து, போனில், கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு. அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். “எந்த இடத்து ஆக்கள்?” சொன்னேன். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு என்னோடு கதைக்கவில்லை.

அப்பா அரச கணக்காய்வில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டத்தரணியின் விலாசத்தைக் கேட்டார். வெள்ளைச் சேர்ட் போட்டு, பஸ் பிடித்து, தனியாகப் புதுக்கடைக்குப் போனார். மருமகனை முதன்முதல் கண்டது அங்கேதான். அவரிடம் எதுவும் விசாரிக்கவில்லையாம். “சாப்பிட்டீரோ?” என்று மட்டும் கேட்டு, பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய், இருவரும் ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிட்டார்களாம். சசிகுமார் அதைச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு அப்பா சட்டத்தரணியிடம் திரும்பி வந்து சத்தியக்கடதாசியை எழுதினார். இவர்கள் சட்டப்படி மணம் முடித்தவர்கள் என்பதை ஏற்கிறேன். என் மகள் அறிவித்த நாள் வரை இந்தத் தொடர்பு பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

இரண்டாவது வசனத்தை எடுத்துவிடும்படி சட்டத்தரணி கெஞ்சியிருக்கிறார். ஓரளவு தெரியும் என்றாவது போடும்படி கேட்டிருக்கிறார். அப்பா பேனையை மூடிவிட்டாராம். நான் அப்பாவைப் போனில் எடுத்துக் கேட்டேன்.

“என்ர சர்வீஸ் முழுக்க மற்ற ஆக்களின்ர கடதாசியில பொய் தேடினனான். இப்ப நானே ஒண்டு எழுத ஏலுமோ பிள்ளை? நீ சொல்லியிருந்தா, தெரியும் எண்டு எழுதியிருப்பன்.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களோ அப்பா?”

காலி வீதியில் பஸ் ஹோர்ன் அடிப்பது போனுக்குள் கேட்டது.

“விட்டிருக்க மாட்டன்,” என்றார். “ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

*

கப்பல்கள் வந்த வியாழக்கிழமை முடிவு வந்தது. ஒரே நகரத்தில் வாழ்ந்த பெற்றோருக்கே தெரியாத உறவு என்று அப்பாவின் வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். துறைமுகப் படத்தில் இருவர் இடைவெளியோடு நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் என்று அது காட்டவில்லை. என் கோடுகளைப் பற்றி: இணைக்கப்பட்ட வரைபடம் கவனத்தில் எடுக்கப்பட்டது. அவ்வளவுதான். இதற்குமேல் மேன்முறையீடு இல்லை.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. அந்தக் கப்பலுக்குப் போனேன். முளைகள் அப்படியே இருந்தன. சட்டத்தின் நுனியிலிருந்து கண்ணைத் தலைகீழாகக் கொண்டுவந்து அவர் விரல் வைத்த கயிற்றைக் கண்டுபிடித்தேன். அதில் ஒரு பயிற்சிப் பெண் சாய்ந்து நின்று அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னால் தமிழ் கேட்டது. ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். “அங்க ஏறாதையுங்கோ” என்று அவர் தமிழில் கத்த, பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லிக்கொண்டே ஏறினார்கள். “நான் என்ன சொன்னாலும் இவையளுக்கு றேடியோ மாதிரி, பிள்ளை. பின்னால பாடிக்கொண்டிருக்கும்” என்றார் என்னைப் பார்த்து. ஒஸ்லோவிலிருந்து கப்பல் பார்க்கவென்றே வந்திருந்தார்கள். ஊர் யாழ்ப்பாணத்து உடுவிலாம். என் சொந்த இடம் கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்தது.

“தனியவோ வந்தனீர்? அவர் வரேல்லையோ?”

இப்படிக் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் எப்போதும் ஏதாவது இருந்திருக்கிறது. அன்றைக்கு உள்ளதைச் சொன்னேன். அவர் கொட்டாஞ்சேனை, விசா கிடைக்கவில்லை என்றேன்.

“கொட்டாஞ்சேனையில ஆர்?”

“அவையள் பண்டாரவளைப் பக்கம் அன்ரி. தோட்டத்து ஆக்கள்.”

“ஓ,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இப்ப அதுகளையெல்லாம் ஆர் பாக்கினம்” என்றார். பிறகு பிள்ளைகளைத் தேடவேண்டும் என்று போனார். பிள்ளைகள் எங்களுக்கு முன்னால்தான் நின்றார்கள்.

சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் மாலுமி ஒருவர் வருகிறவர்களை நிறுத்திப் படம் எடுத்தார். என்னையும் நிற்கச் சொன்னார். நின்றேன். நடுவுக்கு வாருங்கள் என்று கையால் காட்டினார். அப்போதுதான் கண்டேன். சக்கரத்தின் வலப்பக்க ஓரத்தில், இடப்பக்கம் இரண்டு பேருக்கு இடம் விட்டு நின்றிருந்தேன்.

*

வீட்டுக்கு வந்து சசிகுமாரைப் போனில் எடுத்தேன். வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்கு வருகிறேன் என்று சொன்னேன். இதை வாசிக்கிறவர்களில் கொழும்பில் இருப்பவர்கள் முதலிலேயே கேட்டிருப்பீர்கள், ஏன் திரும்பிப் போகவில்லை என்று. மெதுவாகத்தான் அந்த முடிவுக்கு வந்தேன். ஆனால் வந்துவிட்டேன்.

“வந்து யாரோட இருக்கப் போறீங்க?” என்றார்.

“இதென்ன கேள்வி. உங்களோட.”

“நான் கடல்ல இருப்பேன்.”

கொள்கலன் கப்பலில் குளிர்ப்பெட்டிகளைப் பார்க்கும் வேலை. ஒன்பது மாத ஒப்பந்தம். கையெழுத்து வைத்தாகிவிட்டது. வியாழக்கிழமை, முடிவு வந்த அன்றைக்கே. அவருடைய குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. தன்னால் எனக்கு வந்த கஷ்டம் போதும் என்றார். என் அப்பாவின் முன்னால் இன்னொரு முறை வெறுங்கையோடு போய் உட்காரமுடியாது என்றார்.

“என்னட்டக் கேக்காமலோ கையெழுத்து வைச்சனீங்கள்?”

“கேட்டா விட்டிருக்க மாட்டீங்க.”

“ஓம். விட்டிருக்க மாட்டன்,” என்றேன். “ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அது யாருடைய வசனம் என்று அவருக்குத் தெரியும். அப்பா சொன்னதை நான் அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கப்பல்கள் வெளியேறின. நான் வேலையில் இருந்தேன். அந்தக் கப்பல் புறப்படும்போது பயிற்சிப் பிள்ளைகள் ஏறி, குறுக்குச் சட்டங்கள் நெடுக வரிசையாக நின்று கரைக்குத் தொப்பியை ஆட்டினார்கள். அது வழக்கம். கரை முழுவதும் கழுத்தை நிமிர்த்திக் கைதட்டியது. இரண்டாவது சட்டத்தின் நுனியில் ஒரு பெண் நின்றாள். எங்கள் ஆட்கள் குற்றியிலிருந்து கடைசி வடத்தைக் கழற்றித் தண்ணீரில் போட்டார்கள்.

*

இன்றைய நிலை இதுதான்.

நாங்கள் சட்டப்படி கணவனும் மனைவியும். சசிகுமார் போன கிழமை சிங்கப்பூரில் கப்பல் ஏறினார். நான் வேலையை விடவில்லை. புதிய சான்று இருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று முடிவின் கடைசிப் பந்தியில் இருக்கிறது. புதிய சான்று என்றால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கும் சேர்ந்து நின்றதற்கும் அடையாளம். ஒப்பந்தம் முடியும்வரை அதற்கு வழியில்லை. அம்மா இன்னும் கதைக்கவில்லை. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடுத்து, சசிகுமார் இப்போது எந்தக் கடலில் நிற்கிறார் என்று கேட்கிறார். போனில் சறோஜா மிஸ்ஸின் பெயரை மாற்றிவிட்டேன். அவருடைய கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வராது. அந்த அளவுக் கப்பலுக்கு இங்கே ஆழம் போதாது. கணக்குப் பார்த்துவிட்டேன்.